பூண்டும் பக்கத்துச் செடிகளும்: புதுச்சேரி, கடலூர் வீட்டுத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2024 கடைசியில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியதிலிருந்து, மாடியில் நாலு பை வைத்திருப்பவர்கூட பூண்டைப் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை. பாதிப் பேர் கேட்பது "நம்ம வீட்டில் பூண்டு விளையுமா?" என்று. மீதிப் பேர், "தக்காளிக்குப் பக்கத்தில் பூண்டு வைத்தால் பூச்சியே வராதாமே?" என்று. முதல் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டாவதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் புதுச்சேரி, அரியாங்குப்பம், பாகூர், கடலூர், நெல்லிக்குப்பம் பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்கும் மாடிக்கும்தான். கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

முதலில் ஒன்று: நம்ம ஊரில் பூண்டு விளையுமா, விளையாதா?

தாள் நன்றாக வரும். முழுப் பூண்டு திரள்வதுதான் பாடு.

பூண்டு பல் பிரிந்து திரள வேண்டுமானால் இரண்டு வேண்டும். செடி சின்னதாக இருக்கும்போது சில வாரம் நல்ல குளிர். அதன் பிறகு நீளும் பகல். நமக்கு இரண்டுமே கிடையாது. புதுச்சேரியில் ஜனவரி விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டியேதான் இருக்கும். பகல் நேரமும் டிசம்பரில் சுமார் 11½ மணி, ஜூனில் 13 மணிக்குச் சற்றுக் குறைவு. வருஷம் முழுக்க ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரிலும் நீமச்சிலும் பூண்டு மூட்டை மூட்டையாக விளைவதற்கும், தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் என்று மலைமேல் மட்டும் பெரிதாக விளைவதற்கும் காரணம் இதுதான். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீட்டின் பொருளே, அந்த மண்ணிலும் அந்தக் குளிரிலும் விளைவதுதான் அது என்பது.

அதனால் நம்ம பக்கம் பூண்டைக் கீரை மாதிரி நினைத்து நடுங்கள். நட்டு ஒரு மாதத்தில் தாள் அறுக்கலாம். துவையல், ஆம்லெட், ரசத்துக்கு மேலே தூவல் என்று பூண்டு வாசம் அப்படியே இருக்கும். வருஷத்துக்கு வேண்டிய பூண்டை மாடியில் எடுத்துவிடலாம் என்று வீடியோவில் யாராவது சொன்னால், அவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் பாருங்கள்.

பல்லை ஃப்ரிட்ஜில் வைத்து நட்டால் திரளும் என்கிறார்களே?

தப்பில்லை, வெப்ப ஊர்களில் அப்படிச் செய்வது உண்டு. ஃப்ரீசரில் வைக்கக் கூடாது; கீழ்த்தட்டில், காகிதப் பையில் போட்டு ஒன்றரை, இரண்டு மாதம் வைக்க வேண்டும். பல்லுக்குக் குளிர் கிடைத்துவிடும். ஆனால் மாசி பிறந்ததும் நம்ம வெயில் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். திரளத் தொடங்கும் நேரத்தில் தாள் காய்ந்து, கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். ஆசைக்கு ஒரு பையில் வைத்துப் பாருங்கள். அதை நம்பித் தோட்டத்தைத் திட்டமிடாதீர்கள்.

பிடுங்கிப் பார்த்தால் பல் பிரியாமல் ஒரே உருண்டையாக வந்தது. இது மருந்துக்கு வாங்கும் ஒருதலைப் பூண்டா?

அதேதான், ஆனால் நீங்கள் தனி ரகம் எதையும் விளைவித்துவிடவில்லை. குளிர் போதாமல் செடி பல் பிரிக்க மறந்ததால் வந்தது. சாதாரணப் பல்லை நட்டாலும் நம்ம ஊரில் இப்படி வரும். சாப்பிடலாம்.

எப்போது நடுவது?

கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு. மார்கழி நடுவில் தொடங்கித் தை முதல் வாரத்துக்குள் நட்டுவிட்டால் தை, மாசி இரண்டு மாதமும் தாள் அறுக்கலாம். இன்னும் முன்னாலேயே நடலாமே என்று சிலருக்குக் கை துறுதுறுக்கும். நம்ம மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான் கொட்டுகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் வந்தது மார்கழி நடுவில்தான். தண்ணீர் நின்ற பையில் பூண்டுப் பல் ஒரு வாரத்தில் அழுகிவிடும். கையால் அழுத்தினால் தோலுக்குள் கூழாக இருக்கும். வானிலை அறிக்கையில் "காற்றழுத்தத் தாழ்வு" என்று காதில் விழுந்தால் நடவை ஒரு வாரம் தள்ளிப் போடுவதில் நஷ்டமில்லை. பையாக இருந்தால் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிடலாம். மாடித்தோட்டத்துக்கு உள்ள பெரிய வசதியே அதுதான்.

கடைப் பூண்டையே நடலாமா? எப்படி நடுவது?

நடலாம். பெரிய மார்க்கெட்டிலோ உழவர் சந்தையிலோ மலைப்பூண்டு கேட்டு வாங்குங்கள். தோல் இறுகி, அடித்தட்டு காயாமல், உள்ளே பச்சை முளை எட்டிப் பார்க்கிற பூண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. சமையலுக்கு வேண்டாம் என்று ஒதுக்குகிற அந்த முளைத்த பூண்டுதான் இங்கே முதல் தரம்.

பல்லை உரிக்க வேண்டாம், பிரித்தால் போதும். தட்டையான வேர்ப்பக்கம் கீழே, கூர்முனை மேலே. முனை மேல் இரண்டு விரல்கடை மண். தாளுக்காக நடுவதால் பல்லுக்குப் பல் மூன்று விரல் இடைவெளி போதும். அறுக்கும்போது அடியிலிருந்து நாலு விரல் விட்டு அறுங்கள், மறுபடி தழைக்கும். மூன்றாவது அறுப்பில் தாள் மெலிந்துவிடும். அப்போது பிடுங்கி எடுத்துவிடலாம்.

சரி, அசல் கேள்வி. பூண்டு பக்கத்தில் இருந்தால் பூச்சி வராதா?

வரும். ஆனால் சில பூச்சி, சில செடியில், கொஞ்சம் குறையலாம்.

இதை விளங்கிக்கொள்ள ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். தோட்டத்தில் நிற்கிற பூண்டுச் செடிக்குப் பக்கத்தில் குனிந்து முகர்ந்து பாருங்கள். பெரிதாக வாசம் வராது. ஒரு தாளை நுனியில் கிள்ளி விரலில் நசுக்குங்கள். உடனே மூக்கில் ஏறும். பூண்டுக்குள் அந்தக் கார வாசம் தயாராக இருப்பதில்லை. அல்லியின் என்ற பொருள் ஓர் அறையில், அதை மாற்றும் நொதி வேறோர் அறையில் என்று பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறது. செடியின் திசு உடைந்தால்தான் இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. அப்போதுதான் வாசம். அதாவது காயம்படாத பூண்டு கிட்டத்தட்ட வாயை மூடிக்கொண்டு நிற்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, மூலைக்கு ஒரு பல் நட்டுவிட்டு மொட்டை மாடி முழுக்கக் காவல் என்று நினைப்பது வீண். இரண்டு, அடிக்கடி தாள் அறுக்கிற பூண்டுதான் வாசம் விடும். அதனால் சமையலுக்கு ஒரே நாளில் முழுப் பையையும் அறுக்காமல், இன்றைக்கு இந்தத் தக்காளி ஓரம், நாளை மறுநாள் அந்த மிளகாய் ஓரம் என்று மாற்றி மாற்றிக் கிள்ளுவது என் வழக்கம். அதனால் பூச்சி எவ்வளவு குறைகிறது என்று அளந்து சொல்லமாட்டேன். எப்படியும் அறுக்கத்தான் போகிறோம், முறை வைத்து அறுப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

ஆய்வே இல்லை என்றும் சொல்ல முடியாது. சீனாவில் கோதுமைக்கு ஊடுபயிராகப் பூண்டு போட்ட வயல்களில் அசுவினி குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் ஸ்ட்ராபெரிக்கு இடையே பூண்டு நட்டதில் சிலந்திப்பேன் குறைந்திருக்கிறது. கவனியுங்கள், இரண்டிலும் வரிசை வரிசையாகப் பூண்டு. இரண்டிலும் பூச்சி சிறியது, செடியின் சாற்றை உறிஞ்சுவது. கத்தரிக்காயைத் துளைக்கும் புழு, முருங்கைக் கம்பளிப்புழு, வெண்டையைத் தின்னும் பச்சைப்புழு இவற்றுக்கெல்லாம் பூண்டு ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் எதற்குப் பூண்டைப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறீர்கள்?

இடம் மிச்சம் என்பதற்காகத்தான். பூண்டு குச்சி மாதிரி நேராக நிற்கிறது, நிழல் போடுவதில்லை. வேர் மேலாப்பிலேயே நின்றுவிடுகிறது. பெரிய செடி வளர்ந்து விரிகிற அந்த ஒன்றரை மாதம் சும்மா கிடக்கும் ஓரத்தில் பூண்டு ஒரு விளைச்சல் கொடுத்துவிட்டுப் போய்விடும். பூச்சி குறைந்தால் அது கொசுறு.

எந்தச் செடிக்குப் பக்கத்தில் நன்றாக வருகிறது?

தக்காளிக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம். கார்த்திகையில் நாற்று விட்டு மார்கழியில் எடுத்து நடுகிற தக்காளி, தை கடைசி வரை பையை முழுக்க மூடுவதில்லை. பையின் விளிம்போரம் வட்டமாகப் பல் ஊன்றிவிடுங்கள். நடுவில் தக்காளிக்குக் குச்சி கட்டும்போது பூண்டுத் தாளை மிதிக்காமல் இருக்க வெளி விளிம்புதான் வசதி. தக்காளி காய் பிடித்துத் தண்ணீர் அதிகம் கேட்கும் நேரத்தில் பூண்டு முடிந்துபோயிருக்கும். இருவரும் சண்டை போட நேரமே இல்லை.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வைப்பவர்களுக்கும் அதே கதைதான். நம்ம ஊரில் அவை தை, மாசிக்கு மட்டும் வரும் விருந்தாளிகள், பூண்டும் அப்படியே. ஆனால் கோஸ் இலையை ஓட்டை போடும் வைரமுதுகுப் பூச்சிக்குப் பூண்டை நம்பாதீர்கள். அதற்கு வேளாண் துறையினர் சொல்வது கடுகு. வயலில் 25 வரிசை கோஸுக்கு இரு வரிசை கடுகு என்பது பெங்களூருவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. பூச்சி கடுகில் போய் முட்டையிடும். வீட்டில் நாலு கோஸுக்கு அஞ்சறைப்பெட்டிக் கடுகை ஒரு சிட்டிகை தூவினால் போதும். கடுகுக் கீரையும் ஆச்சு.

கத்தரிக்கு அடியில் தை மாதம் வைக்கலாம். ஆனால் ஆடிப்பட்டத்தில் நட்ட பழைய கத்தரியாக இருந்தால் அது போடும் நிழலில் பூண்டு வெளுத்துப் போகும். மிளகாய்க்குப் பக்கத்தில் நல்ல ஜோடி. பீட்ரூட், கேரட், முள்ளங்கி வரிசைக்கு நடுவே வைப்பது பார்க்க அழகு, பிடுங்கும்போது தொல்லை. முள்ளங்கியை இழுத்தால் பூண்டும் கூடவே வரும். கீரைப்பாத்தியின் வரப்பில் வையுங்கள், உள்ளே வேண்டாம். தண்டுக்கீரைக்குத் தினமும் பூவாளியில் ஊற்றுகிற தண்ணீர் பூண்டுக்கு அதிகம்.

வாழையடி நிழல்? காலை வெயில் மட்டும் விழுகிற இடமென்றால் மாசியில் அது உதவிதான். வெயில் உறைக்கும்போது தாள் நுனி காய்வது தள்ளிப் போகும்.

அவரை, தட்டைப்பயறு பக்கத்தில் பூண்டு வைக்கவே கூடாது என்கிறார்களே?

வெங்காயக் குடும்பமும் பயறு வகையும் ஒத்துப்போகாது என்பது தோட்டக்காரர்களிடையே ரொம்ப நாளாகப் புழங்கும் பேச்சு. பூண்டு சாறு பயறின் வேர்முடிச்சைக் கெடுக்கும் என்று ஒரு காரணமும் சொல்வார்கள். நான் அந்தக் காரணத்துக்காக இல்லாமல் வேறொன்றுக்காக வைப்பதில்லை. ஆடியில் ஊன்றிய அவரை, மார்கழி தையில்தான் பந்தல் முழுக்கப் பூத்துக் காய்க்கும். பூண்டு நடுகிற அதே மாதம். பந்தலுக்குக் கீழே வெயில் எங்கே இருக்கிறது? பந்தலை விட்டுத் தள்ளி, தெற்கு ஓரம் வெயில் விழும் இடத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் நன்றாகவே வரும்.

சின்ன வெங்காயமும் பூண்டும் ஒரே குடும்பம்தானே, சேர்த்து நட்டால் வசதி இல்லையா?

நடுவதற்கு வசதி, இலைப்பேனுக்கு அதைவிட வசதி. வெங்காயத் தாளில் வெள்ளி வெள்ளியாகச் சுரண்டினாற்போல் தழும்பு விழுகிறதே, அதைச் செய்யும் இலைப்பேன் பூண்டையும் விடாது. ஊதாப்புள்ளி நோயும் அப்படித்தான். பனி பெய்யும் தை மாதத்தில் ஒன்றில் தொடங்கி மற்றதற்குத் தாவும். உறவினர்கள் அடுத்தடுத்த வீட்டில் இருக்க வேண்டாம். நடுவே ஒரு வரிசை மிளகாயோ கொத்தமல்லியோ போடுங்கள். போன முறை வெங்காயம் எடுத்த பையில் இந்த முறை பூண்டு நடாதீர்கள். அந்தப் பைக்குக் கீரையோ தட்டைப்பயறோ கொடுங்கள்.

மிளகாய் இலை சுருளுகிறது. பூண்டு நட்டால் சரியாகுமா?

சுருண்ட பிறகு நட்டால் ஒன்றும் ஆகாது. முதலில் எப்படிச் சுருளுகிறது என்று பாருங்கள். இலை விளிம்பு மேல்நோக்கி ஓடம் மாதிரி வளைந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, இலை நீண்டு, காம்பு இழுத்தாற்போல் இருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். சந்தேகமாக இருந்தால் கொழுந்துக்குக் கீழே ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, கொழுந்தை இரண்டு தட்டு தட்டுங்கள். ஊசிமுனை அகலத்தில், வைக்கோல் நிறத்தில் ஏதாவது விறுவிறுவென்று நடந்தால் அதுதான் இலைப்பேன். சிலந்திப்பேன் அவ்வளவு சுலபமாகக் கண்ணில் படாது, பூதக்கண்ணாடி வேண்டும்.

கொழுந்தைக் கிள்ளி எறிந்துவிட்டு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது கரைய இரண்டு மூன்று சொட்டு சோப்புத் தண்ணீர். வாரம் ஒருமுறை, வெயில் சாய்ந்த பிறகு. வேப்பங்கொட்டை கிடைத்தால் 5 சதக் கரைசல் இன்னும் நல்லது: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, இரவு ஊற வைத்து, துணியில் வடிகட்டினால் ஆயிற்று. இதோடு மிளகாய் ஓரம் பூண்டும் இருக்கட்டும். இருந்தால் என்ன குறை.

செடி வைப்பதைவிட இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் அடிப்பதுதான் பலன் தருமா?

ஆம், பூச்சி என்று பார்த்தால் அரைத்த பூண்டுதான் பூண்டு. காரணம் மேலேயே சொன்னேன்: உடைந்தால்தான் வீரியம். வீட்டளவுக்குப் பூண்டு இரண்டு பங்கு, இஞ்சி ஒரு பங்கு, பச்சைமிளகாய் ஒரு பங்கு. உதாரணமாக 50, 25, 25 கிராம். நைசாக அரைத்து அரை லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். ஒருமுறை வடிகட்டினால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். வடிகட்டியதில் 100 மி.லி. எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அடியுங்கள். முதலில் ஓர் இலையில் அடித்து மறுநாள் பாருங்கள், கருகவில்லை என்றால் மற்றதற்கும் அடிக்கலாம். காற்றடிக்கும் பக்கம் நிற்காதீர்கள். கண் எரிச்சல் ராத்திரி வரை விடாது.

இதை அட்டவணை போட்டு வாரா வாரம் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்று ஆத்திரம்தான். அசுவினியைத் தின்ன வந்த பொறிவண்டுக் குஞ்சுக்கும் அது எரியும். அந்தக் குஞ்சு பொறிவண்டு மாதிரியே இருக்காது. கறுப்பாக, நீளமாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை போல இருக்கும். பார்த்ததும் புழு என்று நசுக்கிவிடுவார்கள். அது தெரிகிற செடியில் எந்தக் கரைசலும் வேண்டாம், ஒரு வாரம் விட்டுவிடுங்கள்.

பூண்டா, துலுக்கச்சாமந்தியா? இடம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது.

துலுக்கச்சாமந்தி, அதாவது செண்டுமல்லி. யோசிக்கவே வேண்டாம்.

தக்காளியில் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி முட்டையிட மஞ்சள் துலுக்கச்சாமந்தியைத் தேடிப் போகும். அதனால்தான் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்று பரிந்துரையே இருக்கிறது. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு: தக்காளி நாற்று 25 நாள் வயதில் நடும்போது செண்டுமல்லி நாற்று 45 நாள் வயதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கத்தான் இந்தக் கணக்கு. பூ இல்லாத செண்டுமல்லி பூச்சியை இழுக்காது. வேரில் முடிச்சு போடும் நூற்புழுவையும் துலுக்கச்சாமந்தி குறைக்கும். ஆனால் அதற்கு ஒரு பருவம் முழுக்க அதை அந்த மண்ணிலேயே நெருக்கமாக வளர்க்க வேண்டும். மூலையில் ஒரு செடி நூற்புழுவுக்குக் கணக்கே இல்லை. லாஸ்பேட்டைப் பக்கம் செம்மண்ணிலும், தேவனாம்பட்டினம் மாதிரி மணல்வாகிலும் நூற்புழு தொந்தரவு கூடுதல். வெண்டைச் செடியைப் பிடுங்கும்போது வேர் முடிச்சு முடிச்சாக இருந்தால் அடுத்த பருவம் அந்த இடத்தைத் துலுக்கச்சாமந்திக்கு விட்டுவிடுங்கள். பூ ஆயுத பூஜைக்கு ஆகும்.

கலப்புப் பயிர் விவகாரத்தில் நம்ம மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து மல்லாட்டை (வேர்க்கடலை) காட்டில் ஓரத்தில் ஆமணக்கும் நடுநடுவே தட்டைப்பயறும் ஏன் நிற்கின்றன? புழு முதலில் அங்கே ஏறும். அந்த இலையைக் கிள்ளி அழித்தால் மல்லாட்டை தப்பும். பூண்டு கதையைவிட இந்தக் கதை எனக்கு நம்பிக்கையானது.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறது. பூண்டு தாங்குமா?

அளவாக உப்பிருந்தால் சமாளிக்கும். வெங்காயமும் பீன்ஸும் பூண்டைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். பையின் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்தால் உப்பு சேர்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்தால் பூண்டுக்கு வேண்டிய தை மாதத்துக்கு அது கைகொடுக்கும். மூடி போட்டு வையுங்கள், கொசு.

இன்னொன்று, தென்னை நார்க்கழிவு. அதிலேயே உப்பு இருக்கும். வாங்கிய கட்டியை ஊறவைத்து, இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்துவிட்டு மண்ணோடு கலக்குங்கள். நிறையப் பேருடைய மாடியில் பூண்டுத் தாள் நுனி முளைத்த வாரத்திலேயே கருகுவதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மாசிக் கடைசியில் நுனி காய்ந்தால் அது வெயில், கவலை வேண்டாம்.

ரோஜாத் தொட்டியில் பூண்டு வைத்தால் பூ வாசம் கூடும், அசுவினி வராது என்கிறார்கள்?

வாசம் கூடுவது கதை. அசுவினி மொட்டுக் காம்பில் மொய்த்தால், குழாயில் விரலை வைத்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள், முக்கால்வாசி போய்விடும். பூண்டு வைப்பதில் தடையில்லை, தொட்டி பெரிதாக இருந்தால் சரி.

வீட்டைச் சுற்றிப் பூண்டு நட்டால் பாம்பு வராதாமே?

வரும். மழை வெள்ளத்துக்குப் பிறகு பாகூர், அரியாங்குப்பம் பக்கம் இந்தக் கேள்வி தவறாமல் வரும். பாம்பு எலிக்கும் தவளைக்கும் வருகிறது, பதுங்க இடம் தேடி வருகிறது. செங்கல் குவியல், தென்னை மட்டை, உடைந்த தொட்டி இவற்றை அப்புறப்படுத்துங்கள். கதவடி இடுக்கை அடையுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் தோட்டத்தில் கால் வைக்காதீர்கள். பூண்டை இடித்துப் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் வெறுங்காலோடு நடப்பது ஆபத்து. கடித்துவிட்டால் பச்சிலை, பூண்டு என்று நேரம் போக்காமல் நேரே அரசு மருத்துவமனை.

வீட்டில் நாய் இருக்கிறது. பிரச்சினையா?

பூண்டும் வெங்காயமும் நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். செடியை முகர்வதால் ஒன்றுமில்லை. மண்ணைத் தோண்டிப் பல்லைத் தின்னும் நாய்க்குட்டியாக இருந்தால் பையை உயரத்தில் வையுங்கள்.

வாசலில் படரும் பூண்டுக்கொடிக்கும் இதே பலன் உண்டா?

ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்து, இலையைக் கசக்கினால் பூண்டு வாசம் அடிக்கிற கொடியைத்தானே கேட்கிறீர்கள்? அது பூண்டின் சொந்தமே இல்லை, வேறு குடும்பம். புதுச்சேரியில் மதில்மேல் அது நன்றாக வருகிறது. பூச்சிக்காக என்று வைக்காதீர்கள், பூவுக்காக வையுங்கள்.

ஊரிலேயே யாரிடம் போய்க் கேட்கலாம்?

புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பட்டில் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கடலூர்ப் பக்கத்தில் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம், பாலூர் கத்தரி ரகங்கள் வந்த இடம். விருத்தாசலத்திலும் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு. போகும்போது பூச்சி பிடித்த இலையைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். "இலை ஒரு மாதிரியா இருக்கு சார்" என்று வாயால் சொன்னால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பங்குனியில் பூண்டு முடிந்த பிறகு அந்த ஓரத்தில் என்ன போடுவது?

பல் அழுகாமல் மிஞ்சியிருந்தால் தாளோடு பிடுங்கி நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெங்காய வடகம் போடும் வீடாக இருந்தால் அப்போது நேரமும் சரியாக இருக்கும். இடிக்கும் சின்ன வெங்காயத்தோடு அந்தக் குட்டிப் பூண்டையும் தோலோடு தட்டிப் போட்டுவிடலாம். காய்ந்த தாளை நறுக்கி அதே பைக்கு மூடாக்காகப் போடுங்கள். இடத்துக்குக் கொத்தவரையோ தண்டுக்கீரையோ ஏற்றது, இரண்டும் சித்திரை வெயிலுக்கு முகம் சுளிக்காது. ஊன்றுவதற்கு முன் பைக்கு இரண்டு கை தொழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் போட்டுக் கிளறி, ஒரு வாரம் ஆறவிடுங்கள்.